அளவக்காவின் அளவு

கடைக்குள் நுழைகிற பெண்ணைத் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பார்வை பார்த்து, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைத் தொடக்கூடச் செய்யாமல், "நீங்க முப்பத்தாறு. முப்பத்திநாலைப் போட்டுக்கிட்டு மூச்சை அடக்கிட்டிருக்கீங்க. உள்ளே வாங்க" என்பார் அளவக்கா. வந்தவர் தெருவோடு போகிறவர், வழி கேட்க நுழைந்தவராகக்கூட இருக்கலாம். நான் முதல்முறை போனது கைக்குட்டை வாங்க. மூன்று உள்ளாடைகளோடு வெளியே வந்தேன். கைக்குட்டை இன்னும் வாங்கவில்லை.

பெண்கள் உள்ளாடையோடு சாக்ஸ், கைக்குட்டையும் விற்கும் அந்தக் கடையில் உள் கவுண்டரும் அதை ஒட்டிய அளவு பார்க்கும் அறையும் அவருடைய ராஜ்யம். அறை என்றால் ஒரு கண்ணாடி, ஒரு முக்காலி, சரியாகச் சாத்தாத ஒரு கதவு. அதற்குள் போகிற பெண்கள் பத்து நிமிடத்தில் பத்து வருடக் கதையைச் சொல்லிவிட்டு வருவார்கள். "கையைத் தூக்குங்க, மூச்சை விடுங்க, அவ்வளவுதான். இப்போ சொல்லுங்க, மாமியார் எப்படி இருக்காங்க?" அளந்து முடித்த பிறகுதான் மாமியாரை விசாரிப்பார். ஏன் அப்படி என்று கேட்டேன். "மாமியார் பேச்சை எடுத்தா நெஞ்சு அரை அங்குலம் ஏறிடுது. அளவு தப்பாப் போயிடும்."

கடையின் முதலாளி நல்ல மனிதர். அப்பாவிடமிருந்து வந்த கடையை வேண்டாவெறுப்பாகச் சுமந்துவருகிறார். விற்கிற பொருளின் பெயர் அவர் வாயில் வராது. "ஐட்டம்" என்பார். ரொம்ப நெருக்கினால் "அந்த ஐட்டம்" என்பார். மேல் கம்பியில் தொங்குவதை எடுக்கக் கொக்கி வைத்த நீளக் கோல் ஒன்று உண்டு. கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதையும் அவர் அந்தக் கோலால்தான் எடுப்பார். கட்டிக் கொடுக்கும்போது செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பை. எதை வாங்கினோம் என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒருமுறை, சரக்கு கொண்டுவந்த லாரிக்காரர் தெருவில் நின்று, "பாடி வந்திருக்கு! யாராவது வந்து இறக்குங்க!" என்று குரல் கொடுத்தார். பக்கத்து வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். "எத்தனை பாடிங்க?" என்று மெல்லக் கேட்டார். "பன்னெண்டு டஜன்" என்று பதில் வந்தது. மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கடையில் உள்ளாடையைப் 'பாடி' என்று சொல்லத் தடை.

இப்படிப்பட்ட கடையில், இப்படிப்பட்ட கவுண்டரில் நின்று ஊருக்கே மாட்டிவிடுகிற அளவக்கா, தான் அதைப் போடுவதை நிறுத்திவிட்டார்.

எனக்குத் துணிக்கொடி சொல்லித்தான் தெரியும். அவர் எனக்குக் கீழ்வீடு. மொட்டைமாடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடி. எங்கள் குடியிருப்பில் உள்ளாடைகள் நேராக வெயிலைப் பார்த்ததே கிடையாது. துண்டுக்கு அடியிலோ பாவாடைக்கு அடியிலோ ஒளிந்துகொண்டு அரைகுறையாகக் காயும். அளவக்காவின் துண்டுக்கு அடியில் சில நாட்களாக ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுத் துண்டை நான் ஏன் தூக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கிளிப்புக்காக.

கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சரக்கு சரிபார்த்த அன்று மின்விசிறி நின்றுபோய், வேர்வையில் குளித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் அளவு அறைக்குள் போய்க் கழற்றியிருக்கிறார். "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கலாம்னுதான் நெனச்சேன். அன்னைக்குன்னு பாத்து சாப்பாடு அவ்வளவு ருசியா இருந்துச்சு. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்." தோளைக் காட்டினார். இரண்டு பக்கமும் விரல் வைத்தால் பதிகிற பள்ளம். அதற்குக் கீழே, வேர்க்குரு ஆறி ஆறித் தடித்துப்போன கோடு. அவரோ சிரித்தார். "ஊருக்கெல்லாம் சரியான அளவு எடுத்துக் குடுக்கிறேன். எனக்குச் சரியான அளவு எதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஒண்ணுமே இல்லாததுதான்."

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். பின்னால் வருகிற சைக்கிளைக்கூடக் கண்ணாடியில் கவனிக்கிறவர், இதைக் கவனிக்கவில்லை. அக்காவே சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்து, "நல்லதாப் போச்சு. கொடியிலே என் பனியனுக்கு இடம் கிடைக்கும்" என்றாராம். மகள்தான் குதித்தாள். "அம்மா, இப்படியே என் ஆபீஸ் பக்கம் வந்துடாதே. நாலு பேர் பாக்கிற எடம்."

"உங்கப்பா தொப்பையைத் தள்ளிக்கிட்டு ஊரெல்லாம் போறாரே, அதை யாராவது தூக்கிக் கட்டச் சொன்னாங்களா?"

ஓட்டுநர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாய்தான் இப்படி. முதல் வாரம் அளவக்கா தெருவில் நடந்துபோனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளை முன்னால் மடக்கிக்கொண்டு, சுவரோரமாகப் போனார். பிறகு ஒரு நாள் காலை வழியில் கைப்பேசி அடித்தது. அதை எடுப்பதற்காகப் பையைத் தோளில் மாட்டினார். பேசி முடித்த பிறகும் மாட்டியது மாட்டியபடியே நடந்தார். தெரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மேலே நின்றபடி கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

வம்பு வந்தது, பொய் சொல்லத் தெரியாத அந்த வாயால்தான். தன் மகளைக் கூட்டிக்கொண்டு அவளுக்கு வாங்க வந்த ஒரு டீச்சரம்மா, "நீங்க எந்தக் கம்பெனி போடுறீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"நான் போடுறதில்லைங்க. உங்க பொண்ணுக்கு இது நல்லாயிருக்கும், பாருங்க."

டீச்சரம்மா நேரே கல்லாவுக்குப் போனார். "விக்கிறவங்களே போடாத பொருளை நாங்க எப்படி நம்பி வாங்கறது?" அதற்குள் மகள் இரண்டை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டாள், அது வேறு விஷயம்.

முதலாளிக்குத் தர்மசங்கடம். சொல்லியே ஆக வேண்டும். சொல்லவும் வாய் வராது.

"அக்கா, கடைன்னா ஒரு... ஒரு இது இருக்கணும் இல்லையா?"

"எது முதலாளி?"

"அதான்... கட்டுக்கோப்பு."

"அலமாரி எல்லாம் நேத்துதானே அடுக்கினேன்?"

"அலமாரியைச் சொல்லலே. நீங்க... அந்த ஐட்டம்..."

"எந்த ஐட்டம்?"

அவர் கோலை எடுத்து, மேலே தொங்கிய ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அளவக்கா அதை இறக்கி, தூசி தட்டி, அவர் மேசைமேல் வைத்தார். "உங்களுக்கா? என்ன அளவு?"

அன்று மாலையே முதலாளி சுவரைப் பார்த்தபடி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பிறப்பதற்குள் 'முறையா' வராவிட்டால் அளவக்கா சாக்ஸ் பக்கம் போய்விட வேண்டும். உள் கவுண்டருக்கு வேறு ஆள்.

மாடியில் துண்டை உதறியபடி அளவக்கா பொரிந்தார். "பேரைச் சொல்லிக் கேக்கட்டும், பாக்கலாம். அவர் வாயாலே சொல்லக்கூட முடியாத ஒண்ணை நான் எதுக்கு நாள் முழுக்க மாட்டிக்கிட்டு நிக்கணும்?" பிறகு கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினார். "சாக்ஸ்லே என்ன இருக்கு சொல்லுங்க? சாக்ஸ் வாங்க வந்து யாரு மனசு விட்டுப் பேசுவாங்க? அந்த ரூம் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்?" இதற்கு முன் அவர் குரல் இறங்கி நான் கேட்டதில்லை. போட்டுக்கொண்டுதான் போங்களேன் என்று சொல்ல நினைத்தேன். தோளைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தன்னால் சொல்ல முடியாததை ஒரு பெண் சொல்லட்டும் என்று முதலாளி தன் மனைவியை அனுப்பினார். அன்று நானும் கடையில் இருந்தேன், கைக்குட்டைக்காகத்தான். கடைக்கு அபூர்வமாக வருகிற முதலாளியம்மா, தொண்டையைச் செருமிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அளவக்காவின் பார்வை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"அம்மா, நீங்க நாப்பது."

"இல்லக்கா, நாப்பத்தெட்டு முடிஞ்சாச்சு."

"வயசைச் சொல்லலேம்மா. நாப்பதுக்கு முப்பத்தாறை யாரு எடுத்துக் குடுத்தா?"

முதலாளியம்மா கல்லாவில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து, கடையில் விற்காமல் தேங்கியதைக் கறுப்புப் பையில் போட்டு முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். அளவு கேட்டதே இல்லை. கேட்பதென்றால் பெயரைச் சொல்ல வேண்டுமே! அந்த அம்மாள் ஒரு வருடம் முப்பத்திரண்டிலும் மறு வருடம் நாற்பத்திரண்டிலும், கொக்கி எட்டாத இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார். "அவர் கடையே வச்சிருக்காரே, அவருக்குத் தெரியாதான்னு நெனச்சேன்" என்றார்.

அளவக்கா அவரை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தாத கதவு என்று சொன்னேன் அல்லவா, எங்களுக்கெல்லாம் கேட்டது. "கையைத் தூக்குங்கம்மா... ஐயோ, ஊக்கு குத்தி எப்படிப் புண்ணாயிருக்கு பாருங்க." பிறகு ஒரு விசும்பல். முதலாளி சாக்ஸ் பக்கம் திரும்பி நின்று, ஒரே ஜோடியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். காது சிவந்திருந்தது.

"நாப்பதிலே புதுசு எடுக்கட்டுமா? நல்லது இருக்கு" என்றது அளவக்காவின் குரல்.

"நாளைக்கு எடுத்துக்கிறேன் அக்கா. இன்னைக்கு ஒரு நாள் எதுவும் போடாம இப்படியே போறேனே."

வெளியே வந்த முதலாளியம்மா கணவர் முன்னால் போய் நின்றார். "அக்காகிட்ட என்னமோ சொல்லச் சொன்னீங்களே, மறந்தே போச்சு. என்னன்னு சொல்லுங்க, சொல்லிடுறேன்."

முதலாளி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "ஒண்ணுமில்லே" என்றார்.

"அப்போ அக்கா அவங்க எடத்திலேயே இருக்கட்டும். அந்த டீச்சரம்மா வந்தாங்கன்னா எனக்கு போன் பண்ணுங்க, நான் பேசிக்கிறேன்."

கம்பீரமாகத்தான் சொன்னார். ஆனால் வாசலில் தெருவைப் பார்த்ததும் கால் தயங்கியது. கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தோள்கள் முன்னால் மடங்கின. அளவக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கி, பையை வாங்கி, வாரை முதலாளியம்மாவின் தோளில் மாட்டி, பை இடுப்போரமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டார்.