குழலுக்குள் நான்கு விரற்கடை

மேடையேறினால் ஓர் அவையை என் பக்கம் திருப்பிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் பதினேழு வயதிலேயே வந்துவிட்டது. அது வீண் நம்பிக்கை அல்ல. காஞ்சிபுரத்தில் அந்த ஆண்டுகளில் பட்டிமன்றம் நடக்காத மாதமே இல்லை. நடந்தவற்றுள் நான் பேசாதவை சிலவே. பேச்சுக்கு அடுத்தபடியாக எனக்கு இருந்த பித்து, பழைய துப்பாக்கிகளைத் தேடிப் பிடித்து மலிவாக வாங்குவது. இந்த இரண்டு பித்துகளும் ஒரு மாலையில், ஒரே மேடையில் கைகோத்துக்கொண்டன. இதை எழுதும் இன்று எனக்கு இருபத்து மூன்று வயது.

முதல் துப்பாக்கி பேருந்து நிலையத்தை ஒட்டிய காயலான் கடையில் கிடைத்தது. ஓட்டை வாளிக்கும் உடைந்த கலப்பைக்கும் நடுவே துருவேறிக் கிடந்த கைத்துப்பாக்கி அது. கடைக்காரர் அதை வாளியோடு சேர்த்துத் தராசில் போட்டார். துப்பாக்கியை எடைக்கு வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டாவதும் மூன்றாவதும் ஆற்காட்டில் வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பத்திடம் வாங்கியவை. சுடவே முடியாத பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டம் படித்த ஒருவர் சொல்லியிருந்தார். நான் வாங்கியவை யாவும் சுட முடியாதவை என்று நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

நான்காவது, ஐயம்பேட்டையில் ஒரு விவசாயியின் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் ஈய ரவையும் இட்டுக் கம்பியால் இடித்து நிரப்பிச் சுடும் நீளத் துப்பாக்கி. பின்புறம் காம்புபோல ஒரு சிறு குழாய். அதன்மேல் கேப்பு எனும் சிறு வெடிமூடி ஒன்றை வைத்து விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தி வந்து அடிக்கும். கேப்பின் பொறி உள்ளே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். பிடிக்கட்டையில் செதுக்கியிருந்த பூங்கொடியைப் பார்த்ததுமே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன்.

"இத்த வாங்கிக்கினு போயி இன்னாபா பண்ணப் போற? காக்கா கூட பயப்படாது" என்றார் அவர்.

"செவுத்துல மாட்டப் போறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அப்டியே நம்ம வூட்டு ஒலக்கையையும் குடுத்தனுப்பு. அதையும் பக்கத்துல மாட்டிக்கட்டும்."

"உள்ள மருந்து கிருந்து இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் குழலைத் தரைக்குத் திருப்பி, குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையைத் தட்டினார். டக் என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். "பாத்தியா? எங்க அப்பாரு போயி பதினஞ்சு வருசம் ஆவுது. அதுக்கப்பறம் இதுல யாரு மருந்து போட்டா?"

சாவதற்கு முன்னால் அந்த அப்பாவே போட்டிருந்தால் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேப்பு இல்லாமல் விசையை இழுத்தால் டக் என்ற ஓசைதான் வரும் என்பதும் தோன்றவில்லை. எதிரணியின் வாதத்தில் இதைவிடச் சிறிய ஓட்டையைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆண்டு ஆயுத பூசையன்று அரிவாள்மணை, சுத்தியல், சைக்கிள் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த அம்மா, சுவரில் இருந்த துப்பாக்கிக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டாள். காம்பின்மேல்தான் அவளுக்கு இடம் வாகாக இருந்திருக்கிறது.

"துப்பாக்கிக்கு எதுக்கும்மா பொட்டு?"

"எல்லா ஆயுதத்துக்கும் வச்சுட்டு இதுக்கு மட்டும் வைக்காம வுட்டா கோச்சிக்காதா?"

ஆயுதம் கோபித்துக்கொள்ளாது என்பதை மூன்று ஆதாரங்களுடன் அவளுக்கு விளக்கினேன். அவள் சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள். நான் துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போயிற்று.

அடுத்த மாதம் பட்டிமன்றம். மனிதனை வெல்வது ஆயுதமா, சொல்லா என்பது தலைப்பு. சொல்லே என்பது என் அணி. எதிரணித் தலைவன் என் நண்பன்; சின்ன காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரியில் என் வகுப்பு. நான் இடி முழக்கினால் அவன் தூறல் போடுவான். தூறலில்தான் அவை நனையும். அவனை எதிர்த்துப் பேசியே நான் பேச்சாளன் ஆனேன். அன்று அவனை எப்படியும் வீழ்த்திவிட வேண்டும் என்று துப்பாக்கியை மேடைக்குக் கொண்டுபோனேன். தீபாவளிக்கு வாங்கிய பொட்டுவெடியில் ஒன்றைக் கிள்ளிக் காம்பின்மேல் ஒட்டி வைத்திருந்தேன். ஓசை மட்டும் வரும் என்பது கணக்கு.

பேச்சின் உச்சத்தில் துப்பாக்கியை எடுத்தேன். "இதோ, ஆயுதம் பேசப்போகிறது!" என்று முழங்கி, பதினெட்டடி தூரத்தில் அமர்ந்திருந்த அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டி விசையை இழுத்தேன். பட் என்றது. அவன் துள்ளி எழுந்தான். தண்ணீர்த் தம்ளர் உருண்டது. அவை அதிர்ந்து, பிறகு சிரித்தது. "இந்தப் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேச முடியுமா? என் சொல்லுக்குப் பேச முடியும்! அதுவே சொல்லின் வெற்றி!" கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவனும் நெஞ்சில் கைவைத்தபடி சிரித்தான். சுழற்கோப்பை எனக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக் கம்பி பதித்த வேறொரு துப்பாக்கி வாலாஜாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை வாங்கக் கையிலிருப்பதை விற்க வேண்டும். சென்னை பங்களாக்களின் சுவர்களுக்குப் பழைய துப்பாக்கி வாங்கித் தரும் வியாபாரி ஒருவரை வரவழைத்தேன். பகல் பதினோரு மணிக்கு அந்த பாய் வந்தார். என் முன்னுரை எதையும் கேட்காமல் நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டார். அது நின்ற இடத்தில், குழல் வாயின் மட்டத்துக்குக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே உருவினார். பிறகு அதே கம்பியைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்து அளந்தார். கம்பியின் நுனி அடிவரை போகவில்லை. நான்கு விரற்கடை குறைந்தது.

"தம்பி, கொழா முன்னாடி நிக்காத. என் பின்னால வா."

வந்தேன்.

"இதுக்கு எப்பவாச்சும் கேப்பு வச்சியா?"

"ஒரு வாட்டி. பொட்டுவெடி."

"யார் மேல நீட்டிக்கினு?"

சுவரில் அந்தத் துப்பாக்கி தொங்கிய ஆணியைப் பார்த்தேன்.

அவர் திருகுமுனைக் கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி மெதுவாக இழுத்தார். முதலில் காய்ந்த தேன்மெழுகு வந்தது. அதன்பின் தேங்காய் நார். குழலைச் சாய்த்ததும் ஈய ரவைகள் ஒன்பது, கொண்டைக்கடலை அளவில், தரையில் விழுந்து உருண்டன. மறுபடி நார். கடைசியாகக் கரிய மருந்து. அதை ஓர் ஓட்டாஞ்சில்லில் கொட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய், நீண்ட குச்சியின் நுனியில் கட்டிய ஊதுவத்தியால் தொட்டார். உஸ் என்று எழுந்த நெருப்பு என் முழங்கால் உயரம் இருந்தது. வெள்ளைப் புகை கிணற்றை மூடியது. அம்மா ஓடிவந்தாள்.

"அப்ப அன்னிக்கு ஏன் வெடிக்கல?" என்றேன்.

அவர் துப்பாக்கியை எடுத்துவந்து காம்பின் துளையில் ஊசியை விட்டுக் குடைந்தார். மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த பொருக்கு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்து, "சந்தனம்" என்றார்.

அம்மா பொருக்கைப் பார்த்தாள், என் கையிலிருந்த ரவைகளைப் பார்த்தாள். "யாராண்ட நீட்டின?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பாய் மற்ற மூன்றையும் அளந்தார். அவற்றில் கம்பி அடிவரை போயிற்று. "இந்த மூணும் செத்தது, நான் எடுத்துக்குறேன். இது உசுரோட கீது. லைசென்ஸ் இல்லாம நான் தொட மாட்டேன். ஜல்தியா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடு." சொன்ன விலைக்குக் கொடுத்தேன். அன்று மாலையே நான்காவதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். அங்கே கேட்ட வசவுகளை எழுதத் தேவையில்லை; யாவும் பொருத்தமானவை. துப்பாக்கி எதுவும் இல்லாத சுவரைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை. ஒன்பது ரவைகளில் ஒன்று மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது. நண்பன் கையில் கொடுக்க எடுத்து வைத்தது.

மறுநாள் சின்ன காஞ்சிபுரம் போகும் வழியெல்லாம் சைக்கிளில் ஒரு முன்னுரை தயாரித்தேன். தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்த அவனைப் பார்த்ததும் அது கலைந்துபோயிற்று.

"அந்தத் துப்பாக்கியில மருந்து இருந்துதுடா. ரவையும்."

அவன் குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிவதை நிறுத்தவில்லை. "போடா டேய். இன்னும் அந்தக் கோப்பையைக் கொண்டாடி முடிக்கலியா?"

ரவையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். கனத்தை உணர்ந்ததும் தறி நின்றது. என்ன நடந்தது என்பதை முழுவதும் சொன்னேன். அவன் நெஞ்சில் கைவைத்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"என் தங்கச்சி வந்திருந்தா, தெரியுமா உனக்கு? எனக்குப் பின்னால, படுதா ஓரமா நின்னுக்கினு இருந்தா."

"தெரியாது."

"தெரியாது" என்று அவனும் ஒருமுறை சொன்னான்.

"என்னை மன்னிச்சுடு."

"மன்னிப்பு கெடக்கட்டும். அன்னிக்கு எத்தினி பேரு கை தட்னாங்க? அத்தினி பேராண்டயும் சொல்லு. அதே மேடையில. கோப்பையை எடுத்துக்கினு வந்து சொல்லு."

"அசிங்கமாப் பூடும்டா."

"நான் செத்துப் போயிருந்தா அழகா இருந்திருக்குமா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. அவன் என்றுமே உயர்த்தியதில்லை. "சொல்லலன்னா உன் எதிர்ல நான் இனிமே உக்கார மாட்டேன். எந்த மேடையிலயும்."

அவன் எதிரே இல்லாத மேடை எனக்கு எத்தகையது என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் முடிவு செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பெருமையை இழக்க ஒன்பது நாள்.

அதே மண்டபத்தில் அடுத்த பட்டிமன்றம். சொல்லிவிடுகிறேன் என்று முன்பே செய்தி அனுப்பியிருந்தேன்; அவன் எதிரே வந்து உட்கார்ந்திருந்தான். என் முறை வந்ததும் கோப்பையை நடுவர் மேசையில் வைத்தேன். அடுக்குமொழி எதுவும் இல்லாமல், துப்பாக்கியில் மருந்தும் ரவையும் இருந்ததை, நான் சோதிக்காததை, துளையில் சந்தனம் அடைத்திருந்ததை, அதனால் மட்டுமே ஒருவன் உயிரோடு இருப்பதைச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குரல், "உன்ன மேடையில ஏத்துனான் பாரு, அவனச் சொல்லணும்" என்றது. யாரும் சிரிக்கவில்லை. நடுவர் பேனாவை மூடி வைத்தார்.

அடுத்து அவன் பேச வேண்டும். எழுந்தான். ஒலிபெருக்கியிடம் போகும் முன் நின்று, என் கைகளைப் பார்த்தான். இரண்டும் மேசைமேல் வெறுமையாக இருந்தன. பார்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு முதுகைத் திருப்பினான்.

அதன்பின் நாங்கள் எத்தனையோ மேடைகளில் எதிரெதிரே பேசிவிட்டோம். ஒவ்வொரு முறையும், பேசத் தொடங்கும் முன், அவன் என் கைகளை அப்படி ஒருமுறை பார்க்கிறான்.