அப்பாவைப் பற்றி வந்த இரண்டு செய்திகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த வருஷமே அப்பா இறந்துபோனார். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் அவருக்கு வேலை. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் கழிப்பார். அன்று கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டதென்று ஓர் இளைஞனை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். இறங்கியவன் குரல் கொடுக்கவில்லை. அவனைத் தூக்க அப்பா இறங்கினார். அவரும் மேலே வரவில்லை. அவரோடு பல வருஷம் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர்தான் தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, கயிற்றில் கொக்கி மாட்டி இரண்டு பேரையும் இழுத்தெடுத்தார். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

மறுநாள் காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறோம். வழியில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சட்டென்று நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

"நிறுத்தாதீங்க. என்ன போட்டிருக்கான்?" என்றாள்.

அவர் பேப்பரை மடித்து நீட்டினார். நான் பேப்பரை வாங்கி வாசித்தேன். குடிபோதையில் தொட்டிக்குள் தவறி விழுந்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள் என்று போட்டிருந்தது. அப்பா பெயரும் தெருப் பெயரும் பிசகில்லாமல் இருந்தன.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடித்தான் என்றால் குற்றம் செய்தான் என்று அர்த்தம். அப்பா ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. ஆனால் பேப்பரில் வந்ததைப் பொய் என்று யார் சொல்வார்கள்? நத்தத்தில் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: "பேப்பர்லயே வந்துருச்சே, நாங்க என்ன செய்ய?" பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். அந்தப் பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவர் அங்கே கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார்.

"நான் என்னம்மா பண்றது? ஸ்டேஷன்ல சொன்னதத்தானே எழுதுனேன்" என்றார்.

"ஸ்டேஷன்ல யாரு தம்பி சொன்னா?"

"ஷாப்பு மேனேஜரு எழுதிக் குடுத்தாராம்."

"மேனேஜரு தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரா? பாத்த மனுசன் ஒருத்தர் இருக்காரு. அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா ஒங்களுக்கு?"

அவர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி வைத்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு நடந்தார்.

கூட்டாளியின் மனைவி வாசலை மறித்து நின்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க பொழைக்கணும், போங்க" என்று கும்பிட்டாள். உள்ளேயிருந்து அவர் வந்து அவளை விலக்கினார்.

"தொட்டிய தொறந்தப்பவே அழுகுன முட்ட நாத்தம். உள்ள எறங்கினா தாங்காதுன்னு மேனேஜர்ட்ட சொன்னோம். அவர் கேக்கல. ரெண்டு பேர்ட்டயும் சாராய வாடை இல்ல. இழுத்துப்போட்டவன் நான் சொல்றேன். என் பேரையும் போட்டுக்கங்க."

செய்தி அனுப்பியும் பேப்பரின் மதுரை ஆபீசில் அதைப் போடவில்லை. கடிகாரக்காரர் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டதாகக் கேள்வி. ஒருவழியாக உள்பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே வந்தது. விஷவாயு தாக்கித்தான் இறந்தார்கள் என்று இருந்தது. அம்மா என்னை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் வந்தார்கள். காற்றாட விடாமல், இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் யாரும் சாகவில்லை. அது அந்தச் சின்னச் செய்தியால் வந்தது.

நத்தத்துக்காரர்கள் அதைப் படிக்கவே இல்லை. கத்தரித்து அனுப்பினேன், பதில் இல்லை. முதலில் வந்ததை ஊரே படித்திருந்தது. இரண்டாவதை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினால்தான் உண்டு.

கூட்டாளியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊரில் வேறு எந்த ஷாப்பிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொடைரோடு ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனார். ஒருமுறை அம்மாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். ஆள் பாதியாகியிருந்தார்.

"எங்களால ஒங்க பொழப்பு போச்சேண்ணே" என்று அம்மா அழுதாள்.

"நீ என்ன தங்கச்சி பண்ணுன? நான் வாயத் தொறக்காட்டி அந்த மனுசன் குடிகாரனாத்தானே போயிருப்பாரு."

மேலே ஏதோ சொல்ல வந்தவரை இருமல் விடவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பிளாட்பாரத்தில் மூட்டை தூக்கும் இளைஞர்கள் அவரை முந்திக்கொண்டு பெட்டிகளுக்குள் ஏறினார்கள். ஒரு கூடைகூடக் கிடைக்காமல் அவர் ஜன்னல் ஜன்னலாகக் கேட்டுக்கொண்டு போவதை நின்று பார்த்தோம்.