அப்டேட் அனுப்புகிறவன் எவன்டா

என் முன்பல்லில் பாதி இல்லை. கூட வேலை செய்ய ஆள் தேடிக் கூட்டம் போட்ட அன்று உடைந்தது.

பகலில் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை, வீடு திருப்பதியில். மிச்ச நேரத்தில் ஒரு திறமூல மென்பொருளுக்கு அப்டேட் அனுப்பும் சேவையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கம்பெனிகள் கைவிட்ட பழைய கணினிகளிலும் இலவசமாக ஓடும் மென்பொருள் அது. நகரி, புத்தூர், சித்தூர் என்று சின்னப் பள்ளிகளும் ஜெராக்ஸ் கடைகளும் அதை நம்பியிருந்தன. திருத்தங்கள் எங்கள் சர்வரிலிருந்து தானாகப் போய்ச் சேரும். ஆரம்பத்தில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து பார்த்தோம். கல்யாணம், பெங்களூர் என்று ஒவ்வொருவராக விலக, நான் மட்டும் மிஞ்சினேன். சர்வரும் கிழடு தட்டி, பாதி அப்டேட்டில் நின்றுவிடும். அப்போதெல்லாம் 'கையை உடைப்பேன்' என்று மெசேஜ் வரும். படித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

தன்னார்வலர்கள் வேண்டும் என்று இணையத்தில் எழுதி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிபன் கடையின் மாடியை முகவரியாகக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இன்ஜினியர்கள். மற்றவர் வரதய்யபாளையத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடித்த ஆள் படியேறி வந்தார். தலையில் கட்டு; அதில் ரத்தம் ஊறியிருந்தது. கையில் ஹெல்மெட்.

"அப்டேட் அனுப்பறவன் எவன்டா?"

"நான்தாங்க. உக்காருங்க..."

ஹெல்மெட் என் வாயில் இறங்கியது. சுவரில் சாய்த்துக் கழுத்தை நெரித்தார். "சம்பேஸ்தா ரா!" என்று தெலுங்கில் கத்தினார். கொன்றுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். இன்ஜினியர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடினார்கள். கண் இருட்டிக்கொண்டு வரும்போது டீச்சர் மேசையிலிருந்த எவர்சில்வர் ஜக்கைத் தூக்கி அந்த ஆளின் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தார். அவர் மண்டியிட்டு விழுந்தார்.

விழுந்தவர் எழவில்லை. அழ ஆரம்பித்தார்.

"ஏர்பேட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிக்கினு கீறேன். நேத்து பயிர் காப்பீட்டுக்குக் கடைசி நாள். ஆன்லைன்ல பதிய ஊர் சனமெல்லாம் வரிசைல. உன் அப்டேட் பாதில நின்னு மெஷினே எழுந்திரிக்கல. கண்ணாடிய ஒட்ச்சானுங்க, என் மண்டைய ஒட்ச்சானுங்க. குறுக்க வந்த என் பொண்டாட்டி கையையும் முறிச்சிட்டானுங்க."

என் வாயெல்லாம் ரத்தம்.

"உன் ஆபீஸ்ல எத்தினி பேருடா?"

"ஆபீஸே இல்லிங்க. நான் ஒருத்தன்தான். ஆளு தேடித்தான் இந்தக் கூட்டம்."

அவர் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

அதற்குள் டிபன் கடை ஆட்கள் கரண்டியும் கட்டையுமாக மேலே வந்து அவரை மிதிக்கத் தொடங்கினார்கள். தலைக்கட்டு அவிழ்ந்து பழைய காயம் திறந்துகொண்டது. "உடுங்க, உடுங்க!" என்று கத்தியபடி அவர் மேல் குப்புற விழுந்தேன். இரக்கம் என்று சொல்ல முடியாது. இன்னும் ஓர் அடியைப் பார்க்க முடியாமல்தான் விழுந்தேன். அந்த அடியும் என் முதுகில்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் தையல் போட்ட பிறகு, டீச்சர்தான் ஆட்டோ பிடித்தார். "மெஷின எழுப்பிட்டு வந்துடலாம் சார். மெஷின் ஓடலைன்னா நாளைக்கும் அந்தக் கூட்டம் இவரை அடிக்க வரும்."

ஏர்பேட்டுக் கடையில் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கணினியை மீட்டோம். கட்டுப் போட்ட கையோடு கடைக்காரரின் மனைவி வாசலில் நின்றார்.

"இவன்தானா அது?" என்றார் கணவரிடம். பிறகு என்னிடம், "மெஷினுக்குச் செஞ்சிட்டே. என் கைக்கு இன்னா அப்டேட் வெச்சிக்கினு கீறே?"

கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளத் தொடங்கினேன்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. டீச்சர் சேவையில் பாதியை ஏற்றுக்கொண்டார். சேர்ந்து சர்வரை மாற்றினோம். இன்ஜினியர்கள் போனை எடுக்கவேயில்லை. இப்போது எந்த அப்டேட்டும் முதலில் ஏர்பேட்டுக் கடைக்குத்தான் போகிறது. கடைக்காரர் ஓட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகே மற்றவர்களுக்கு. அவராகக் கேட்டு எடுத்துக்கொண்ட வேலை அது. நேரில் போனால் டீ வாங்கித் தருவார். அவர் சட்டென்று கையை உயர்த்தினால் என் கழுத்து தானாக உள்ளிழுத்துக்கொள்ளும். அவரும் அதைப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாக இறக்குவார்.

அவர் மனைவியின் முழங்கை இன்னும் முழுசாக நீளவில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.