நாக்கு வழிக்காமல் வரவும்

"இத்தன வருசம் ஒன்னய படிக்க வச்சது ஊரு சனத்தோட நாக்கப் பாக்கத்தானா?"

அம்மா இதைக் கேட்டபோது அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. பதில் வேண்டுமென்றால் என்னைப் பார்த்துக் கேட்டிருப்பாள். அவள் கேட்டது பாத்திரத்தைப் பார்த்து. நான் அந்தக் கேள்வியை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருநாள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற எண்ணம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்பு வரை போனார். அம்மா பள்ளிக்கூட வாசல் வரை போனாள், தன் தம்பியைக் கொண்டுபோய் விட. அதனால் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு காஸ் புத்தகம் வந்தாலும், வங்கியிலிருந்து மெசேஜ் வந்தாலும், இருமல் மருந்தின் பின்பக்கம் எதையாவது பொடியாக அச்சடித்திருந்தாலும் என்னிடம்தான் வரும். வாசித்துச் சொல்வேன். அதில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். படித்தவள் என்று பெயர் வாங்கியபின் இரண்டு வரியோடு நிறுத்தினால் நன்றாக இருக்காது.

விலங்கியலில் பட்டம் வாங்கினேன். குன்னூரில் ஒரு பிசியோதெரபி சென்டரில் முன்மேசை வேலை கிடைத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவர்களின் பெயரை எழுதி உட்கார வைப்பேன். இடுப்பு சரியாகிப் போகும்போது அவர்கள் நன்றி சொல்வது உள்ளே இருப்பவருக்கு. எனக்கும் ஒரு நன்றி வேண்டும் என்று தோன்றிய நாட்களில்தான் அந்த நோட்டீஸ் கைக்கு வந்தது: சீன மருத்துவம், ஓராண்டுப் பயிற்சி, ஞாயிறுதோறும், கோயமுத்தூரில்.

முதல் வகுப்பிலேயே பிடித்துப்போனது. எங்கள் ஆசிரியை கோயமுத்தூர்க்காரர். இந்த மருத்துவம் முதலில் நோயின் பெயரைத் தேடாது, வந்திருக்கும் ஆளைப் பார்க்கும் என்றார். ஒரே தலைவலியோடு இரண்டு பேர் வந்தால் இருவருக்கும் இரண்டு விதமான சிகிச்சை சொல்லலாம். ஆளை அறிய நான்கு வழி: பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, நாடி தொடுவது. உடம்புக்குள் உயிராற்றல் வாய்க்கால் போல ஓடுகிறது என்றும், அது எங்காவது தேங்கினால் வலி என்றும் சீனர்கள் நினைக்கிறார்கள். உடம்புக்குள்ளும் வெளியே இருப்பது போல ஒரு வானிலை உண்டு. சூடு, குளிர், காற்று, வறட்சி, ஈரம். ஈரம் அதிகமானால் உடம்பு கனக்கும், மந்தமாகும் என்றபோது வகுப்பில் எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் சமவெளிக்காரர்கள். நான் கை தூக்கி, எங்கள் வீட்டில் உப்பு, தீப்பெட்டி, மெத்தை, என் பட்டச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அந்த வியாதி உண்டு என்றேன்.

யின், யாங் என்ற இரண்டும் முதலில் மலையின் நிழல் பக்கத்தையும் வெயில் பக்கத்தையும் குறித்த சொற்களாம். ஒன்றில்லாமல் மற்றது இல்லை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் ஆரோக்கியம். அன்று மாலை மலையேறும் பஸ்ஸில் இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"இதக் கேக்க கோயமுத்தூரு வரைக்கும் போகணுமா? வெயில் பக்கம் கொழுந்து மொதல்ல வரும். நெழல் பக்கம் அட்ட மொதல்ல வரும்" என்றாள். இருபத்தைந்து வருடமாக இரண்டு பக்கமும் ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பவள்.

வருடக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரின் நாக்கையும் நாடியையும் மூன்று காலைகள் பார்த்துக் குறிப்பெழுதித் தர வேண்டும். குறிப்புகள் ஏற்கப்பட்டால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும்.

சீன மருத்துவத்தில் நாக்கு ஒரு வரைபடம். நுனி இதயத்துக்கு, ஓரங்கள் கல்லீரலுக்கு, நடு வயிற்றுக்கு, அடி சிறுநீரகத்துக்கு. நல்ல நாக்கின் மேல் மெல்லிய வெள்ளைப் படிவு இருக்கும், காலையில் தேயிலை மேல் மூடுபனி படிந்திருப்பதுபோல. தடித்தால் ஈரம். மஞ்சளானால் சூடு. படிவே இல்லாமல் சிவந்து கிடந்தால் உள்ளிருக்கும் குளிர்ச்சியும் நீர்மையும், அதாவது யின், தீர்ந்துபோகிறது என்று பொருள்.

புத்தகத்தில் எல்லாம் சுலபம். முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். மேட்டுப்பாளையத்துப் பக்கமிருந்து எங்கள் லயத்துக்கு மருமகளாக வந்தவர். நாக்கை நீட்டச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்கண்ணு, உன்ற மூஞ்சிக்கு நேரா பழிப்புக் காட்டறதாட்ட இருக்காதா?"

பழிப்பில்லை, படிப்பு என்று சொல்லி ஒருவழியாக நீட்ட வைத்தால் நாக்கு வெற்றிலைச் சிவப்பு. அடுத்த வீட்டில் பால் சேர்க்காத சாயத்தண்ணிக் கறுப்பு. அதற்கடுத்த வீட்டில் இரண்டும் கலந்து, சீனர்கள் ஐயாயிரம் வருடம் உட்கார்ந்து யோசித்தாலும் பெயர் வைக்க முடியாத ஒரு நிறம். ஆகவே விதி செய்தேன். காலை ஆறரைக்கு, தேத்தண்ணி குடிக்குமுன், வெற்றிலை போடுமுன், குழாயடியில், நல்ல வெளிச்சத்தில். ஏழரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் முடித்துவிடலாம்.

ஆச்சரியமாக, பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பதினோரு பெண்கள், ஓய்வுபெற்ற தோட்டக் காவல் வாட்சர் ஒருவர். விசாரணையில் "கோபம் வருமா?" என்று ஒரு கேள்வி உண்டு, கல்லீரலுக்காக. வாட்சர் யோசித்து, அப்படியொன்றும் வராது என்றார். வரிசையில் பின்னால் நின்ற அவர் மனைவி என் பேனாவைக் காட்டி, "மை இருக்கா அதுல? நான் சொல்றேன், எழுது" என்றார்.

மூன்று காலையும் பார்த்தேன். பன்னிரண்டு நாக்கும் பளபளவென்று சிவந்து, படிவின் சுவடே இல்லாமல் இருந்தன. ஒருவருக்கு இருந்தால் சந்தேகப்படலாம். பன்னிரண்டு பேருக்கும் என்றால் அது கண்டுபிடிப்பு. ஒரு லயம் முழுக்க யின் தீர்ந்துபோயிருக்கிறது. குளிரில் உழைப்பு, தூக்கக் குறைவு, தலைமுறைகளின் களைப்பு என்று நான்கு பக்கம் முடிவுரை எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எல்லோரையும் நேரத்தோடு படுக்கச் சொன்னேன். நீர்மைக்கு நல்லது என்று பேரிக்காய் தின்னச் சொன்னேன். வாட்சர் ஒரே நாளில் ஏழு தின்றுவிட்டு அடுத்த இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை என் நோட்டைப் புரட்டினார். பக்கம் புரளப் புரளப் புருவம் ஏறியது.

"இதென்னங்க, பன்னெண்டு பேருக்கும் ஒரே நாக்கு?"

"ஆமாங்க மேடம். அதுதான் முக்கியமான விஷயம்."

"நெஜமாலுமே பாத்தீங்களா, இல்ல ஊட்டுல உக்காந்து எழுதிட்டீங்களா?"

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். எட்டாம் வகுப்பில் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவளுக்கு விடை காட்டியிருக்கிறேன். நான் யாரைப் பார்த்தும் எழுதியதில்லை. அடுத்த ஞாயிறுக்குள் திரும்பப் பார்த்து எழுதி வரச் சொன்னார். இல்லையென்றால் இந்த வருடம் தேர்வு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஆசிரியைக்கு ஒரு பதில் தயார் செய்தேன். எல்லாம் நல்ல பதில்கள். பஸ்ஸில் அவர் இல்லை. இறங்கியதும், ஏன் என்று சொல்லாமல், பன்னிரண்டு பேரிடமும் இன்னும் மூன்று காலை வரச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை, கோபத்தில் தூக்கம் வராமல் ஆறு மணிக்கு முன்பே குழாயடிக்குப் போனேன்.

பன்னிரண்டு பேரும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். வரிசையாகக் குனிந்து நாக்கு வழித்துக்கொண்டிருந்தார்கள். சிலரிடம் வளைந்த ஸ்டீல் தகடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் குன்னூர் மார்க்கெட்டில் புதிதாக வாங்கிய பச்சை பிளாஸ்டிக். வாட்சர் ஒரு கரண்டியின் விளிம்பால் கண்ணில் நீர் வர வழித்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் உப்பு கைமாறிப் போனது. இவர்களுக்கு நடுவில், பெரட்டில் கங்காணி நிற்பதுபோல இடுப்பில் கைவைத்து நின்றது என் அம்மா.

"உள்ள போ, இன்னும் உள்ள போ. ஓரத்த விட்டுட்ட பாரு. படிச்ச புள்ள வந்து பாக்குது, அதுகிட்ட போயி அழுக்கு நாக்கயா நீட்டுறது?"

முதல் நாள் யாரும் மறுக்காமல் வந்தது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா வீடு வீடாகப் போயிருக்கிறாள். கேலி செய்யாமல் வர வேண்டும், சுத்தமாக வர வேண்டும், தன் மகள் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று பன்னிரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் நான்கு பக்கத்துக்கு அழுத தலைமுறைகளின் களைப்பு வெறும் உப்பும் ஸ்டீல் தகடும்தான்.

அந்த அழுக்குதான் எனக்கு வேண்டும் என்று விளக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்டிக்கை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்ததும் நாக்கு வழிக்காமல் அடுத்தவர் முன் வாய் திறப்பது, வாசல் கூட்டாமல் விருந்தாளியைக் கூப்பிடுவதைவிட மோசம். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை நான் மட்டும் நோட்டோடு குழாயடியில் நின்றேன். லயத்துச் சுவரில் 'நாக்கு வழிக்காமல் வரவும்' என்று எழுதி ஒட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த நான்கைந்து பேர் அதைப் படித்துவிட்டு, நேரில் சொன்னதே போதாதா, சுவரில் வேறு எழுத வேண்டுமா என்று கோபித்துக்கொண்டார்கள். புதன்கிழமையும் யாருமில்லை. வியாழன் தவறினால் சனிக்குள் மூன்று காலை கிடைக்காது.

புதன் மாலை ஆசிரியைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். இந்த வருடம் தேர்வு வேண்டாம் என்று எழுதுவதாகச் சொன்னேன். ஏன் என்றதும், வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு கேட்டாள்:

"பாக்காமலே எழுதுனன்னா சொன்னா?"

"ஆமா."

"ஒன்னயவா?"

வியாழன் காலை நான் எழுந்தபோது அம்மா படுக்கையில் இல்லை. குழாயடியில் இருந்தாள். முகம் கழுவியிருந்தாள், வாய் கொப்பளிக்கவில்லை. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தோடு நின்றார்கள். "எம்புள்ள பொய் எழுதாது. எல்லாரும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடி, சந்நிதியில் சாமி வந்தவள்போல, நாக்கை முழுதாக நீட்டினாள்.

அதற்குப் பிறகு யாரால் மறுக்க முடியும்? வாட்சர் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்து வந்து நின்றார். பிறகு அக்கா. கடைசியில் ஒரு பெண், காலையில் பழக்கத்தில் வழித்துவிட்டதாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அவர் இடத்துக்கு அம்மாவே பன்னிரண்டாவது ஆளானாள்.

சனி வரை மூன்று காலையும் பார்த்தேன். பன்னிரண்டு நாக்கும் பன்னிரண்டு விதம். அக்காவின் நாக்கோரத்தில் பல் பதிந்த தடம், மேலே தடித்த வெள்ளை. நான் எதிர்பார்த்த ஈரம். வாட்சருக்கு நடுவில் நீள வெடிப்பு. ஒருவருக்கு மஞ்சள், ஒருவருக்குப் பாதி மட்டும் மூடிய படிவு. புத்தகத்தின் படங்களெல்லாம் எங்கள் லயத்தில் குடியிருந்தன. எந்த நாக்கிலும் கண்டுபிடிப்பு இல்லை. எழுதி மாளவில்லை.

அம்மாவின் நாக்கு வெளுத்திருந்தது, பலமுறை துவைத்த துணிபோல. முறைப்படி விசாரித்தேன். இரவில் எப்போதாவது விழிப்பு வருமா என்றேன். மூன்று மணிக்கு வரும் என்றாள். மூன்றிலிருந்து ஐந்து நுரையீரலின் நேரம், அதன் உணர்ச்சி துக்கம். 'துக்கம்?' என்று எழுதிக்கொண்டு, எத்தனை நாளாக என்றேன்.

"நீ கோயமுத்தூரு போக ஆரம்பிச்சதுலருந்து. பஸ்ஸுக்கு முந்தி ஒனக்குச் சோறு கட்டணும்ல. ஞாயித்துக்கெழம மட்டும் முழின்னா ஒடம்பு கேக்குமா?"

துக்கத்தை அடித்துவிட்டேன்.

ஞாயிறு ஆசிரியை நோட்டை முழுதாகப் படித்தார். நடந்ததைச் சொன்னபோது, மேசையில் கைவைத்துச் சிரித்தார். இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறாராம், நாக்கு வழிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லையாம். கையெழுத்துப் போட்டு, தேர்வுக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் 'வெளுத்த நாக்கு' என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மூச்சு வாங்குமா, மேடு ஏறும்போது நின்று நின்று ஏறுகிறாரா என்று கேட்டார். ஏறுகிறாள். வயது என்று நினைத்திருந்தேன். அவர் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதினார்: 'நாக்கோடு நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கவும்.'

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கென்றால் நாக்கு வழிக்கலாமா கூடாதா என்று கேட்டாள். வழிக்கலாம் என்றேன். ஒரு நாள் கூலி போகும் என்று ஆரம்பித்தாள், நான் காது கொடுக்கவில்லை.

வரும் வியாழக்கிழமைக்கு இரண்டு லீவு லெட்டர் எழுதினேன். என்னுடையதை சென்டரில் கொடுத்துவிட்டேன். அம்மாவினுடையதை, அவள் கைநாட்டு வைத்த ஈரம் காய்வதற்குள், எஸ்டேட் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.