சோதனைச் சாவடி இல்லாத செய்தி

காலை ஏழு இருபது. வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸின் பின்சக்கரத்தருகே முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீல ரப்பர் செருப்பு. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஆளுக்கு முன் செருப்பின் நிறத்தைக் கவனித்ததைத் தொழில் திறமை என்று அப்போது நினைத்திருந்தேன்.

போர்க்காலம். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கத்தில் காத்து நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிறப்பிடத்தை மறைக்க, பத்திரிகை அட்டையை மேலே வைத்து நீட்டுவது என் உத்தி. அன்று பலித்தது, ஜன்னலோர இருக்கைக்கு முதலில் வந்தவன் நான்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணின் அட்டையை வெகுநேரம் புரட்டினார்கள். கடைசியாக வந்த அவர் படியில் ஒரு காலை வைத்தபோதே நடத்துநர் மணியடித்தார். பஸ் நகர்ந்தது. விழுந்தவரின் வலது மணிக்கட்டில் சக்கரம் ஏறியது.

மாலையில் கண்டி நிருபராக நான்கு வரி அனுப்பினேன்: ஓடும் பஸ்ஸில் ஏற முயன்ற தோட்டத் தொழிலாளி படுகாயம். சாவடி அதில் இல்லை. எழுதினால் மறுநாள் அதே சாவடியில் என் அட்டையையும் புரட்டுவார்கள். அந்தப் பயத்துக்குச் சுருக்கம் என்று பெயர் வைத்தேன். சாவடியை எடுத்துவிட்டால் பஸ் அங்கே நின்றதற்குக் காரணமே இல்லாமல் போகும். ஆகவே அதை ஓடவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஏழைகளுக்காக இலவசமாக வாதாடும் முஸ்லிம் சட்டத்தரணி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். எதிர்க் கதிரையில் அந்தப் பெண். மேசையில், ஓடும் பஸ்ஸில் ஏறியதால் நட்டஈடு இல்லை என்ற காப்புறுதிக் கடிதம். அதோடு இணைத்திருந்தது என் நான்கு வரி.

“இத நீங்கதானே எழுதின?” என்றார் சட்டத்தரணி.

“ஓம். இது அவையளுக்கு எப்பிடிக் கிடைச்சது?”

“நாந்தாங்க குடுத்தேன்,” என்றார் பெண். “வாசிக்கத் தெரியாதுங்க. பேப்பருலயே போட்டிருக்காங்க, இதவிட என்ன சாட்சின்னு மனுவோட வச்சேன். எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் காட்டுனேங்க.”

நடந்ததைச் சத்தியக் கடதாசியில் எழுதித் தரும்படி சட்டத்தரணி கேட்டார். சாவடி என்பதற்குப் பதிலாக ‘ஓரிடத்தில்’ என்று போடலாமா என்று கேட்டேன்.

“ரோட்டுக்குக் குறுக்கால பீப்பா வச்சு, துவக்கோட ஆறு பேர் நிக்கிறாங்க. நீங்க எழுதினாத்தான் ஊருக்குத் தெரியவருமோ?”

பெண் சிரித்துவிட்டார். பிறகு, “எழுதுங்க ஐயா. கொழுந்து கிள்ள இந்தக் கைதாங்க,” என்றார்.

சாவடி, நின்ற பஸ், மணி, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். செருப்பின் நிறத்தையும் சேர்த்திருந்தேன். சட்டத்தரணி அதை வெட்டினார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. ஒரே ஆள் ஒரே விபத்தை இரண்டு விதமாக எழுதியிருப்பதால், சம்பவ தினத்திலேயே எழுதியதை ஏற்பதாகக் காப்புறுதிக்காரர்கள் தெரிவித்திருந்தார்கள். வழக்குப் போட்டாலும் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றத் தனக்குத் தைரியமில்லை என்றார் சட்டத்தரணி.

அந்த மாதமே தோட்டத்தில் அந்தப் பெண்ணைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, தொழிலாளர் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவைக் கூட்டும் வேலையில் போட்டார்கள்.