அத்தை மறைத்த சாவு

நான்கு வயதில் வரப்பில் ஓடித் திரிந்த என் மகள், ஐந்து முடிவதற்குள் வாசற்படியில் தடுக்கி விழ ஆரம்பித்தாள். "நடிக்கிறா, செல்லம் குடுக்காதீங்க" என்றார் பள்ளிக்கூடத்து டீச்சர். நானும் நம்பினேன். டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட ஆத்திரத்தில் ஒருநாள் அவள் முதுகில் அடித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கும்பகோணத்து டாக்டர் அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "சொந்தத்துலயா கல்யாணம்?"

ஆமாம். என் கணவர் அத்தை மகன்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல இப்படி நடை போயி, பேச்சு போயி இறந்திருக்காங்களா?"

கூட வந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், கேள்வி முடிவதற்குள் சொன்னார்: "எங்க வம்சத்துல அப்படி யாருமே கிடையாதுங்க."

டாக்டரும் அதோடு விட்டுவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் டானிக்கும் எண்ணெய்த் தேய்ப்புமாகப் போனது. அதற்குள் மகளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. தெரிந்த வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக மறந்து, "அம்மா" மட்டும் மிஞ்சியது. நான் கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளையோடு வெளியே வந்ததுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. கிளப்பிவிட்டது அத்தை.

தஞ்சாவூரில் ஒரு பெண் மருத்துவர்தான் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லி, எங்கள் மூவரின் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று நேராகவே சொன்னார்.

"மூளையில நரம்பு மேல ஒரு உறை இருக்கும்மா, கரண்ட் ஒயருக்கு இருக்கிற மாதிரி. அது கரைஞ்சுகிட்டே போகுது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்த பழுது இவகிட்ட சேர்ந்துடுச்சு. யார் தப்பும் இல்ல."

"குணமாகுமா?"

"இந்தக் கட்டத்துல இல்லம்மா. முன்னாடியே தெரிஞ்சா சில பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யலாம். உங்க சின்னப் பையனையும் உடனே கூட்டிட்டு வாங்க."

பஸ் நிலையத்திலிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எனக்கு இளையவன் ஒருத்தன் இருந்தான்ல..."

"குளத்துல விழுந்து செத்தாருன்னு சொல்வீங்களே, அவரா?"

"அவன் ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கிடந்துதான் போனான். அக்காவுக்கு, அதான் உன் அத்தைக்கு, கல்யாணம் ஆகணும். அதான் அப்படிச் சொல்லி வச்சோம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையிடம் கேட்டேன். "தம்பியை இடுப்புல தூக்கி வளர்த்தவங்க நீங்கதானே? இவ காலைப் பார்த்தப்ப உங்களுக்குத் தெரியலையா?"

"முதல் நாளே தெரிஞ்சுதுடி" என்றார். "வெளிய சொன்னா நம்ம குடும்பத்துக்கு யாரு பொண்ணு குடுப்பா, யாரு எடுப்பா?"

கையிலிருந்த ஸ்கேன் உறையைச் சுவரில் வீசி அடித்தேன். என் கணவர் தலை குனிந்து நின்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

மகனுக்கு நோய் இல்லை என்று வந்தது. அப்போது என் தம்பிக்கும் நாத்தனாருக்கும் நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். இருவரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் கொடுத்தார்கள். இருவரிடமும் அதே பழுது. கல்யாணம் நின்றது.

"குடும்பத்தையே பிரிச்சிட்டே" என்றார் அத்தை.

"ஆமாம் அத்தை, நான்தான் பிரிச்சேன்" என்றேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். என்னைவிட அத்தை அதைப் பக்குவமாகச் செய்கிறார். தம்பிக்குச் செய்து பழகிய கை. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் அதிகமாக ஆத்திரம் வருகிறது.