புளிப்பு என்று பெயர் வைத்தவர்கள்

அமிலத்தைப் புளிப்பு என்று முதன்முதலில் சொன்னவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தானே சொல்லியிருப்பார். அதன்பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

ஆரணியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் அப்பாவின் சாயப்பட்டறை. சாயம் ஏறிய பட்டு நூலைக் கடைசியில் ஆசிட் கலந்த தண்ணீரில் அலசினால்தான் பளபளப்பும், கையில் பிடித்தால் சரசரவென்ற சத்தமும் வரும். கலந்த அளவு சரிதானா என்று பார்க்க, குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல, அப்பா விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார். அவருக்கு அது 'புளிப்புத் தண்ணி'. கேனைக் கொண்டுவந்து இறக்கும் பாய்க்கு 'தேஜாப்'. அம்மா 'திராவகம்' என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுப்பாள். பள்ளிப் புத்தகத்திலோ 'அமிலம்'. ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் என்றால் பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றே அப்போது நினைத்தேன்.

ஒருநாள் சித்தப்பா, தண்ணீர் கலந்தாகிவிட்டது என்று நினைத்து, வெறும் ஆசிட் இருந்த வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார். நுனி வெந்து, மோர்ச்சோறு தவிர எதுவும் இறங்காமல் வெகுநாள் கிடந்தார். "பட்டு மாதிரி உன் நாக்கும் பளபளன்னு ஆயிகினு வருதுடா" என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை.

கல்லூரி நாட்களில் அகராதிகளைப் புரட்டியபோது சந்தேகம் கூடியது. ஆசிட்டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும், அமிலத்துக்கு மூலமான வடசொல்லுக்கும் புளிப்பு என்றே பொருள். பாயின் தேஜாப், பாரசீகத்தில் 'கூரிய தண்ணீர்'. அம்மாவின் திராவகம், வடமொழியில் 'கரைத்து உருக்குவது'. ஆக, பாடப்புத்தகச் சொற்கள் ருசியைச் சொல்கின்றன. ஆபத்தைச் சொன்னவர்கள் பாயும் அம்மாவும்தான்.

இப்போது ஊரில் காகிதப் பட்டையை நனைத்து, அது மாறும் நிறத்தைப் பார்த்து அளவு சொல்கிறார்கள். நாக்கில் வைக்கும் வழக்கம், எனக்குத் தெரிந்து, அப்பாவைத் தவிர யாரிடமும் இல்லை. போன வாரம் அங்கே போயிருந்தபோது, என் நான்கு வயது மகள் அவர் பக்கத்தில் நின்று, அவரைப் போலவே தொட்டு நாக்கில் வைத்து, "புளிக்குது தாத்தா, போதும்" என்றாள். நல்லவேளை, நிறையத் தண்ணீர் கலந்திருந்தது. நான் ஓடிப்போய் அவள் வாயைக் கழுவினேன்.

"நாக்குக்குத் தெரியாதது பேப்பருக்குத் தெரிஞ்சிடுமா? நல்லா கத்துகினு வரா, விடும்மா" என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

அன்றிலிருந்து எந்தப் புட்டியையும் நான் நம்புவதில்லை. புளிப்பு மிட்டாய் உறையிலும் ஆசிட் என்றுதான் போட்டிருக்கிறது, கழிவறை கழுவும் புட்டியிலும் அதுதான். நான் வீணாகப் பேஜார் பண்ணுகிறேன் என்கிறார் கணவர், அப்படியும் இருக்கலாம். மகளிடம் அம்மாவின் சொல்லையே சொல்லிப் பார்த்தேன். "திராவகம் இனிக்குமா?" என்று கேட்டாள்.

விடுமுறைக்கு அவளை அங்கேதான் அனுப்ப வேண்டும். அப்பாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவள் விரலை நிறுத்தக்கூடிய ஒரு சொல் எந்த மொழியில் இருந்தாலும் எழுதுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், அப்பாவின் மனம் நோகாமல் அவர் விரலை நிறுத்துவது எப்படி என்றாவது சொல்லுங்கள்.